கண்காட்சியில் அரை மேசை

என் கையெழுத்து கோணல். இடது பக்கம் ஆரம்பிக்கிற வரி வலது பக்கம் போய்ச் சேரும்போது கீழே இறங்கிவிடும். சிம்பாங் ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைக்கும்தான் படித்தேன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது அப்போதும் சந்தேகம், இப்போதும் சந்தேகம். தட்டச்சு செய்கிறவர் பொறுமையாகத் திருத்திக்கொள்ள வேண்டும், படிக்கிறவர் மன்னிக்க வேண்டும். வாயால் சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். எனக்கு அது இதைவிடக் கஷ்டம்.

நான் பொம்மை ரயிலுக்குச் சாமான் விற்கிறவன். பொம்மை என்று சொன்னால் என் வாடிக்கையாளர்களுக்குக் கோபம் வரும், மாடல் ரயில் என்று சொல்ல வேண்டும். ரயிலை நான் விற்பதில்லை. ரயிலில் உடைவதை, தேய்வதை, தொலைவதை விற்கிறேன். சக்கரம், ஒரு பெட்டியை இன்னொரு பெட்டியோடு மாட்டுகிற கொக்கி, பிளாட்பாரத்தில் நிற்க வைக்கிற விரல்நக உயர மனிதர்கள், ஜாயினர். ஜாயினர் என்பது அரிசி அளவில் ஒரு தகரக் கவ்வி. இரண்டு தண்டவாளத் துண்டுகளின் முனையைச் சேர்த்துப் பிடிக்கும், மின்சாரத்தையும் கடத்தும். கீழே விழுந்தால் கிடைக்காது.

இந்தத் தொழிலுக்கு நான் வந்தது சிங்கப்பூர் வழியாக. தினமும் ஜோகூர் பாலம் தாண்டிப் போய், இந்தச் சாமான்களை இறக்குமதி செய்த ஒரு கடையின் ஸ்டோரில் வேலை பார்த்தேன். தவுக்கே, அதாவது முதலாளி, கடையை மூடியபோது ரயில்களை எல்லாம் மற்றக் கடைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். சில்லறைச் சாமான் பெட்டிகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தவுக்கே என்னிடம், "நீயே கொண்டு போ. இதில் எது எங்கே இருக்குன்னு உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்?" என்றார். அப்படித்தான் கண்காட்சிகளில் மேசை போட ஆரம்பித்தேன்.

எனக்கு ஏற்ற வியாபாரம் இது. ஏனென்றால் பேச வேண்டியதில்லை. எங்கள் கண்காட்சிகளில் ஒரு பழக்கம் உண்டு. வருகிறவர் உடைந்த சாமானை கிளினிக்கில் மாத்திரை போட்டுக் கொடுக்கிற பிளாஸ்டிக் பையில் கொண்டு வருவார். என் மேசையில் ஒரு வெள்ளைத் தட்டு இருக்கும். அதில் கொட்டுவார். நான் பார்ப்பேன், இழுப்பறையைத் திறப்பேன், அதே மாதிரி ஒன்றை எடுத்து உடைந்ததற்குப் பக்கத்தில் வைப்பேன். அவர் தலையாட்டுவார். அவ்வளவுதான். பிறகு அவர் போகமாட்டார். மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நிற்பவரிடம் பேச ஆரம்பிப்பார். சீனர், மலாய்க்காரர், தமிழர், சிங்கப்பூர்க்காரர் எல்லாரும் அப்படி நின்று ரயில் பேசுவார்கள். நான் நடுவில் உட்கார்ந்திருப்பேன். என் வாழ்க்கையில் நான் கூட்டத்தோடு இருந்தது அங்கேதான்.

அந்த முழங்கைகள் குறைய ஆரம்பித்து சில வருஷம் ஆகிறது. இப்போது வருகிறவர்கள் சாமானைக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள், போனில் படம் பிடிப்பார்கள், "தெரிமா காசே அண்ணே" என்று நன்றி சொல்லிச் சிரித்துவிட்டுப் போவார்கள். அடுத்த வாரம் சீனாவிலிருந்து பார்சல் வந்துவிடும். இளைஞர்கள் சிலர் வீட்டிலேயே மெஷினில் பிளாஸ்டிக்கை உருக்கி, வேண்டிய பாகத்தை வார்த்துக்கொள்கிறார்கள். ஜோகூருக்கு மின்சார ரயில் பாதை போட ஆரம்பித்ததிலிருந்து அவர்களுக்கு அந்தப் புது ரயில்தான் வேண்டும். அதற்கு என் இழுப்பறையில் சாமான் இல்லை. சாயம் விற்ற மலாக்காக்காரர் வருவதை நிறுத்தினார். பழைய ரயில் புத்தகம் விற்றவர் நிறுத்தினார். குட்டி வீடுகளுக்கு அத்தாப்பு ஓலைக் கூரை செய்து கொண்டுவந்தவர் பினாங்குக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். ஒவ்வொருவரும் போனபோது, கூட்டம் எனக்கு வருமே என்று நினைத்தேன். வரவில்லை. அவர்களோடு அதுவும் போனது.

இந்த வருஷம் ஜோகூர் பாரு மாலில் நடக்கிற கண்காட்சிக்கு முன்னால் அதை நடத்துகிற ரயில் கிளப்பின் செயலாளர் என்னை டீ குடிக்கக் கூப்பிட்டார். அவர் ஓய்வு பெற்ற மலாய் ஆசிரியர். வாத்தியாரை மலாயில் சொல்கிறபடி சிக்கு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். டீயைத் தொடாமலே பேசினார். அவர் பேசிய மலாயை நான் தமிழில் எழுதுகிறேன்.

"அண்ணே, இந்தத் தடவை வியாபாரிகளுக்கு ஒரே மேசைதான். பாக்கி இடத்தை மால் போன் கம்பெனிக்குக் கொடுத்திட்டாங்க. உங்களுக்குப் பாதி, பாய்க்குப் பாதி."

நான் தலையாட்டினேன்.

"இன்னொண்ணு. சனிக்கிழமை காலையில மால் ஆபிஸ்லேர்ந்து ஆள் வந்து பார்ப்பாங்க. எந்தப் பக்கம் கூட்டம் நிக்குதோ அவங்களுக்கு மட்டும்தான் அடுத்த வருஷம் மேசை. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்."

இதற்கும் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

பாய் தங்காக்கில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துக்காரர். துணியை அவர் தம்பிகளிடம் விட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிற முழு ரயில் செட்டுகளை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்கிறார். பெட்டியைத் திறந்து ரயிலை எடுத்து வைக்கிற கையில் இன்னமும் சேலை விரிக்கிற வேகம் இருக்கும். வாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மேசைக்கு அந்தப் பக்கம் அவர் என்றால் இந்தப் பக்கம் நான் தோற்றேன் என்று அன்றைக்கே தெரிந்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. இழுப்பறைகளை எல்லாம் வெளியே எடுத்து அடுக்கினேன், மறுபடி மாற்றி அடுக்கினேன். செனாயிலிருந்து காரை எடுத்துக்கொண்டு மாலுக்குப் போய், இன்னும் மேசையே போடாத அந்த வெற்றுத் தரையைப் பார்த்துவிட்டு வந்தேன். அடுத்த வாரமும் போனேன். பாதுகாவலர் என்ன வேண்டும் என்று கேட்டார். கழிவறை எங்கே என்று கேட்டுச் சமாளித்தேன்.

என் மனைவி செனாயில் ஒரு பேக்டரியில் லைன் லீடர். மனிதர்களைப் பேசி வேலை வாங்குகிறவள். ஒரு நாள் சோற்றுத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, "நான் கஸ்டமர். வர்றேன். பேசுங்க" என்றாள்.

"என்ன வேணும்?"

"கடன் கேட்டு வந்தவன்கிட்ட கேக்கிற மாதிரி இருக்கு. சிரிச்சுக்கிட்டே கேளுங்க."

சிரித்தேன்.

"அலமாக்! வேணாம், வேணாம். நீங்க சிரிக்காமலே கேளுங்க." அவளுக்குத்தான் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு சொன்னாள்: "அந்தப் பொடிச் சாமான் எவன் கண்ணுக்குத் தெரியும்? பாதி மேசைதானே. பாத்தாப் பளிச்சுன்னு இருக்கிறதை வைங்க. மரம், வீடு, ஆளுங்க, மாடு. பிள்ளைங்க நிப்பாங்க. பிள்ளைங்க நின்னா அப்பா அம்மா நிப்பாங்க."

அவள் சொன்னது சரி என்றே பட்டது. போன வருஷம் முழுக்க ஜாயினர் கேட்டு வந்தவர்களை யோசித்துப் பார்த்தேன். பெரும்பாலும் படம் பிடித்துப் போனவர்கள்தான். வாங்க ஆள் இல்லாததை எதற்குச் சுமப்பது? மரங்களையும் மனிதர்களையும் பெட்டியில் போட்டேன். இழுப்பறை அலமாரியை அறையிலேயே வைத்துப் பூட்டினேன். பூட்டும்போது புது மனிதனாக ஆனது போல் இருந்தது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

எங்கள் கண்காட்சி நடக்கிற விதத்தை இங்கே சொல்ல வேண்டும். கிளப்பில் ஒவ்வொருவரும் வீட்டில் தனித்தனியாக ஒரு பலகை செய்கிறார்கள். ஒருவர் பலகையில் செம்பனைத் தோட்டம், ஒருவர் பலகையில் கம்பம் என்கிற மலாய்க் கிராமம், ஒருவர் பலகையில் ஸ்டேஷன். கண்காட்சி அன்று காலையில் அத்தனை பலகையையும் வரிசையாக ஒட்ட வைத்து, தண்டவாளங்களை ஜாயினரால் பூட்டுவார்கள். அப்போதுதான் அது ஒரே ரயில் பாதை ஆகும். ஒவ்வொரு வருஷமும் கழற்றும்போது பழைய ஜாயினர் வளைந்துபோகும் அல்லது விழுந்து தொலையும். புதிது வேண்டும்.

சனிக்கிழமை காலை நான் மரங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பாய் தன் பாதியில் சிவப்புத் துணி விரித்து, ஸ்பீக்கர் வைத்து, காகிதத்தில் ஒரு கட்டம் அச்சடித்து ஒட்டியிருந்தார். போனில் அதைப் படம் பிடித்தால் திரையில் அவர் கடை திறக்குமாம்.

"என்னப்பா, தோப்பே கொண்டு வந்திருக்கே? வாயைக் கொண்டு வந்தியா, இல்ல வீட்லயே வெச்சிட்டு வந்திட்டியா?"

"கொண்டு வந்திருக்கேன் பாய்."

"எங்கே காட்டு, பார்ப்போம்."

அப்போது செம்பனைத் தோட்டத்துப் பலகைக்காரர் வந்தார். சீனர், சிங்கப்பூரில் வேலை. வழக்கம்போல் ஒன்றும் சொல்லாமல் வளைந்த ஜாயினர் ஒன்றை நீட்டினார். நான் வழக்கம்போல் இழுப்பறையைத் திறக்கக் கையைக் கொண்டுபோனேன். கை மரத்தில் பட்டது.

"இல்லையா?" என்றார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. பாசார் சந்தைக்கு உப்பு வாங்கப் போய், உப்பே இல்லை என்று சொல்லப்பட்டவர் மாதிரி நின்றார்.

அவருக்குப் பின்னால் கம்பத்துப் பலகைக்காரர். அவர் போனில் வாங்கியிருந்தார், ஆனால் வந்தது தடித்த தண்டவாளத்துக்கு உரியது. இன்னொருவருக்குப் பார்சல் வரவில்லை. மற்றவர்கள் வாங்கவே இல்லை. கடைசியில் சிக்குவே ஓடி வந்தார். "அண்ணே, ஜாயினர்?"

"வீட்ல இருக்கு சிக்கு."

"வீட்லயா! ஏன்?"

"இப்பல்லாம் யாரும் வாங்குறதில்லையே."

அவர் மெதுவாக, "அண்ணன்கிட்ட இருக்கும்னுதானே யாரும் வாங்கலே" என்றார்.

யாருக்கும் யார்மேலும் கோபப்பட வழியில்லை. பாயின் செட்டுகளில் வருகிற தண்டவாளத்தை உடைத்துப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். அதன் கவ்வி வேறு மாதிரி, பொருந்தாது. பாய் அதற்குள் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார். மாலின் கதவு திறக்க நேரமாகிவிட்டது. பலகைகள் கிட்டக் கிட்ட இருந்தன. இடையில் முடி அளவு இடைவெளி. எந்த ரயிலும் பக்கத்து ஊருக்குப் போக முடியாது.

மனைவிக்கு அன்று ஓவர்டைம். வீட்டில் ஆள் இல்லை. நான்தான் போக வேண்டும். போனால் மால் ஆபிஸ் ஆள் வரும்போது என் பாதியில் நிற்க யாரும் இல்லை.

யோசித்தேன் என்று எழுத ஆசை. யோசிக்கவில்லை. நிற்க முடியவில்லை, அதனால் ஓடினேன். பாய் பின்னாலிருந்து கத்தினார்: "போய்ட்டு வா, உன் தோப்பை நான் பாத்துக்கிறேன்!"

வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறியதிலிருந்து சனிக்கிழமைச் சாலை எப்படி இருக்கும் என்று ஜோகூர்க்காரர்களுக்குத் தெரியும். போகும்போது கிடைத்த வழி வரும்போது அடைத்துவிட்டது. ஜாயினர் இழுப்பறையை அப்படியே உருவி எடுத்து, முன் சீட்டில் வைத்து, பெல்ட் போட்டிருந்தேன். முன்னால் நகராத லாரியைப் பார்த்துக்கொண்டே ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மேசை போய்விட்டது என்று ஒரு நிமிஷம், இல்லை இன்னும் வந்திருக்கமாட்டார்கள் என்று ஒரு நிமிஷம். ஏர்கான் போட்டும் சட்டை நனைந்தது.

மாலுக்குள் நுழைந்ததுமே நடைபாதையிலேயே வந்து பிடித்துக்கொண்டார்கள். ஆளாளுக்கு அள்ளினார்கள். சிக்கு பெரிய மனுஷர், முழங்காலில் தவழ்ந்து பூட்டினார். கொஞ்ச நேரத்தில் ஸ்டேஷன் பலகையிலிருந்து ஒரு சரக்கு ரயில் கிளம்பி, கம்பத்தைத் தாண்டி, செம்பனைக்குள் போய் மறைந்து, அந்தப் பக்கம் வெளியே வந்தது. வேடிக்கை பார்த்த பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் என் மேசையைத் தேடினேன்.

சிவப்புத் துணி மேசையின் முழு நீளத்துக்கும் விரிந்திருந்தது. என் மரங்களில் முக்கால்வாசி இல்லை. பாய் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தார். எதிரில் ஒரு தமிழ் அம்மா.

"நவராத்திரிக்குக் கொலு வைப்பீங்கல்லம்மா? அதுல பார்க் கட்டுவீங்கல்ல? அதுக்குன்னே வந்த மரம்மா இது. ஆளுங்களையும் எடுத்துக்குங்க, மரம் இருந்தா நிழல்ல உக்கார ஆள் வேணாமா?"

அந்த அம்மா சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் மரம் விற்றிருக்கிறேன். கொலு என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. ஒரு முஸ்லிம் மனிதருக்குத் தோன்றியிருக்கிறது.

"வந்துட்டியா? ஆபிஸ் பொண்ணு வந்திட்டுப் போயிருச்சு" என்றார் பாய். பிறகு குரலை இறக்கி, "கூட்டம் எல்லாம் என்னுதுன்னு எழுதிக்கிச்சு. பாதி உன் சாமான்னு சொன்னேன்ப்பா, சத்தியமாச் சொன்னேன். காதுல வாங்கலே. நீ இருந்திருக்கணும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். மரம் விற்ற காசை என் சட்டைப் பையில் அவரே திணித்தார்.

சாயங்காலம் சிக்கு என்னைத் தூண் ஓரம் அழைத்துப் போனார். அடுத்த வருஷம் மேசை பாய்க்கு. ஆனால் அவரிடம் ஒரு யோசனை இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஹாலைக் கேட்டு வாங்கிவிடுவார். திரை போட்டுவிட்டு உறுப்பினர்கள் உள்ளே பலகை பூட்டுவார்கள். நான் இழுப்பறைகளோடு அப்போது வந்தால் போதும்.

"உங்களுக்கும் நிம்மதி அண்ணே. ஜனம் இல்லை, சத்தம் இல்லை, யார்கிட்டயும் பேச வேணாம்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். என்னைப் போன்ற ஆளுக்கு அது சரியான இடம் என்றுகூடச் சொல்லலாம். திரைக்குப் பின்னால், தெரிந்த முகங்கள், நீட்டிய உள்ளங்கைகள். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சனிக்கிழமை காலையில் கதவு திறக்கும்போது நான் வீட்டுக்குப் போய்விட வேண்டும். முழங்கை ஊன்றுகிறவர்களையும் பார்க்க முடியாது, ரயில் முதல் முதலாகச் சுற்றி வருவதை முன்பின் தெரியாத ஒரு பிள்ளை பார்ப்பதையும் பார்க்க முடியாது. எனக்குக் கூட்டம் பிடிக்காது என்றுதான் நானே இத்தனை நாள் நம்பியிருந்தேன்.

"முடியாது சிக்கு" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவரிடம் நான் சொன்ன முதல் முடியாது அதுதான். "சனி, ஞாயிறும் வேணும். மேசை வேணாம். நிக்கிறேன்."

"எங்கே நிப்பீங்க? அவங்க நிக்கவும் இடம் கொடுக்கமாட்டாங்களே."

"ஒரே இடத்துல நிக்க மாட்டேன்."

எப்படி என்று அப்போது எனக்கே தெரியாது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, பையிலிருந்து கழற்றிய ஒரு தோள்வாரை இழுப்பறையின் இரண்டு பக்கமும் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். ஜாயினர், கொக்கி, சக்கரம், மிச்சம் இருந்த மரம், மனிதர்கள். பலகை பலகையாகப் போனேன். எங்கே ரயில் நின்றதோ அங்கே நான் போய் நின்றேன். பலகைக்காரர் கையை நீட்டுவார், எடுத்துக்கொள்வார், பூட்டுவார், ரயில் ஓடும். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என் கழுத்தில் தொங்குவதை எட்டிப் பார்ப்பார்கள். ஒரு சீனப் பாட்டி கச்சாங் பூத்தே விற்கிறேன் என்று நினைத்து, கடலை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொல்லி, ஒரு குட்டி மாட்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன். உற்றுப் பார்த்துவிட்டு இரண்டு வாங்கிப் போனார்.

பாய் மைக்கிலேயே சொன்னார்: "வழி விடுங்க, வழி விடுங்க, நடக்கிற கடை வருது!" எனக்கு முகம் கொதித்தது. ஆனால் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிற்காமல் நடந்தேன். அன்று நான் அதிகம் விற்றேன் என்று சொல்ல மாட்டேன். கால் வலித்தது, கழுத்து சிவந்துபோனது. தோள்வார் ஒரு தடவை அவிழ்ந்து சக்கரங்கள் உருண்டோட, முன்பின் தெரியாதவர்கள் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்கள்.

அது நடந்து வாரங்கள் ஆகின்றன. மால் ஆபிஸுக்கு சிக்கு எழுதிக் கேட்டிருந்தார், அடுத்த வருஷம் நடந்து விற்கிற ஒரு வியாபாரியை அனுமதிப்பார்களா என்று. நேற்றுத்தான் பதில் வந்தது. முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கடையின் நீளம், அகலம், ஹாலில் அது நிற்கும் இடம், மூன்றையும் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மனைவி தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். "திரும்புங்க. வயித்தையும் சேத்து அளக்கவா, தள்ளிட்டு அளக்கவா?"

"சேத்தே அளந்திரு. அடுத்த வருஷத்துக்குள்ள குறையப் போறதில்ல."

நீளமும் அகலமும் எழுதியாகிவிட்டது. நிற்கும் இடம் என்ற கேள்விக்கு என்ன எழுதுவது என்று காலையிலிருந்து பேனாவை வைத்துக்கொண்டு உட்காருகிறேன், எழுந்திருக்கிறேன். சிக்கு மூன்று தடவை போன் செய்துவிட்டார். கடைசியில் "எல்லாப் பலகைக்கும் பக்கத்தில்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். ஒத்துக்கொள்வார்களா, சிரிப்பார்களா, தெரியவில்லை. பதில் வரும் வரைக்கும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால்தான் இதையும் எழுதினேன்.

செனாய், ஞாயிற்றுக்கிழமை, 9 நவம்பர் 2025.